கம்பெனி ஏ.டி. டயர்: சேற்றில் எதுவரை, பனியில் எதுவரை?

வாகனம் – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி டயரைப் பற்றித்தான். இந்த முறை தார், கூர்க்கா, ஹைலக்ஸ் போன்ற வண்டிகளோடு கம்பெனியிலேயே மாட்டி வரும் ஆல்-டெரெய்ன் (ஏ.டி., எல்லாத் தரைக்குமான) டயர் பற்றி அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். மார்கழி, தையில் மணாலிக்கும் காஷ்மீருக்கும் கிளம்புகிறவர்களும் எழுதியிருப்பதால், சேற்றோடு பனியையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: என்னுடைய தார் வண்டியில் கம்பெனி கொடுத்த 255/65 ஆர்18 ஏ.டி. டயர். காங்கேயத்தில் மாமனார் காட்டுக்கு எந்த மழையிலும் போய் வந்துவிடுகிறேன். உடுமலைப் பக்கம் எங்கள் சொந்தக் காட்டில் ஒரு மழை பெய்தாலே நாலு சக்கரமும் வழுக்குதுங்க. ஃபோர் வீல் போட்டும் அப்படித்தான். டயரில் ஏதாவது குறையா?
– உடுமலைப்பேட்டை வாசகர்

பதில்: டயரில் குறையில்லை. உங்கள் மாமனார் காடு செம்மண், உங்கள் காடு கரிசல். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

காங்கேயம் பக்கத்துச் செம்மண்ணில் மணலும் சரளையும் கலந்திருக்கும். மழைநீர் இறங்கிவிடும். மேலே ஒரு அங்குலம் வழுக்கினாலும் அடியில் டயர் பிடிக்க ஏதாவது கிடைக்கும். கரிசலில் இருக்கும் களி தண்ணீரைக் குடித்து உப்பும். தண்ணீரைக் கீழே விடாது. அது டயர் பட்டன்களுக்கு (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டிகளுக்கு) நடுவே உள்ள பள்ளத்தில் அப்பிக்கொண்டால், நாலைந்து சுற்றிலேயே டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு களிமேல் களிதான் உருள்கிறது. டயரின் பட்டன் தரையைத் தொடுவதே இல்லை. ஃபோர் வீல் போட்டால் வழுக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து நாலாகும், அவ்வளவே.

சேற்றுக்கான டயர் சேற்றைத் துப்ப வேண்டும். மட்-டெரெய்ன் டயரில் பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருப்பது அதற்காகத்தான்; பக்கவாட்டுத் தோள்பகுதியிலும் வெட்டு ஆழமாக இருக்கும். கம்பெனி ஏ.டி. டயர் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. வண்டிக் கம்பெனி டயர்க் கம்பெனியிடம் கேட்பது மைலேஜ், சத்தமில்லாத ஓட்டம், ஈரத் தார்ச் சாலையில் பிரேக், எடைக் குறைவு. பட்டன்கள் நெருக்கமாக வருவதும், நடுப்பகுதி ஏறக்குறைய சாலை டயர் மாதிரி இருப்பதும் அதனால்தான். அதே பெயரில் கடையில் கிடைக்கும் டயரைவிட வண்டியோடு வருவதில் பட்டன் ஆழம் கொஞ்சம் குறைவாக இருப்பதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆழமானியால் அளந்தால் தெரிந்துவிடும்.

ஓட்டும் முறையில் கொஞ்சம் மாற்றினால் பலன் கிடைக்கும். சேற்றில் இறங்கும் முன்பே, கெட்டித் தரையில் நிற்கும்போது ஃபோர் வீலைப் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் சுழலும்போது லீவரை இழுக்காதீர்கள். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான இ.எஸ்.பி.யை அதன் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜின் விசையைக் குறைத்து, நீங்கள் சேர்த்து வைத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடும். லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபோர் வீல் நிலையில்) முதல் கியரில் ஊர்வது மலைக்கல்லுக்குச் சரி, கரிசலுக்குத் தவறு. டயர் களியை உதற வேண்டுமானால் அதற்குச் சுழலும் வேகம் வேண்டும். லோ ரேஞ்சில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்துப் போங்கள். ஓட்டம் குறைகிற மாதிரி தெரிந்தால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று ஆட்டுங்கள். முன் டயரின் தோள் புதிதாக ஒரு பிடியைத் தேடும். வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றும் குழிதான் தோண்டும். ரிவர்ஸில் வந்த தடத்திலேயே பின்னுக்கு வருவதுதான் எப்போதும் சுலபமான வழி.

இன்னொன்று. இரண்டு உழவு மழை பெய்த கரிசலில் எந்த ஏ.டி. டயரும் போகாது. போனாலும் போகக்கூடாது. அன்று விழுந்த தடம் காய்ந்தால் மாசி, பங்குனிவரை காட்டில் அப்படியே கிடக்கும். ஒன்றிரண்டு நாள் வெயில் காயட்டும், அல்லது டிராக்டரில் போங்கள்.

கோபிப் பக்கம் வயலுக்குள் இறங்குகிறவர்களும் கேட்டிருந்தார்கள். தொளி அடித்த வயல் வேறு கதை. மேலே முழங்கால் சேறு, கீழே உழவு உழவாக இறுகிய கெட்டிப் படுகை. டயர் அந்தப் படுகையைத் தொடும் முன்பே வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிடும். தார் வண்டியின் தரை இடைவெளி 226 மி.மீ. சேறு அதைவிட ஆழமென்றால் டயர் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: சேற்றுக்கும் மணலுக்கும் டயர் காற்றைக் குறைத்துவிடச் சொல்கிறார்கள். எத்தனை பி.எஸ்.ஐ.? ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடாதா?
– தாராபுரம் வாசகர்

பதில்: தார்ச் சாலையில் எவ்வளவு என்பதை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். இந்த வகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் முப்பதைத் தாண்டி இருக்கும். சேற்றுக்கு 20 முதல் 22 வரை இறக்கலாம். 18-க்குக் கீழே போக வேண்டாம். அங்கிருந்துதான் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் ரிம் விளிம்பைவிட்டு நழுவும் அபாயம் கூடுகிறது.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீளவாக்கில்தான் அதிகம் படுக்கும். தரையில் பதியும் பட்டன் வரிசைகள் கூடும், எடை பரவும். டயர் ஒவ்வொரு சுற்றிலும் நெளிவதால் அப்பிய மண்ணும் கொஞ்சம் உதிரும். கம்பெனி ஏ.டி. டயரில் இருக்கும் திறமையில் பாதி இப்படிக் காற்றை இறக்கினால்தான் வெளியே வரும்.

காற்று குறைந்திருக்கும்போது 30 கி.மீ. வேகத்துக்குள் போங்கள், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். தார்ச் சாலையில் ஏறும் முன் திரும்ப அடித்தே ஆக வேண்டும். 20 பி.எஸ்.ஐ.யில் அறுபது, எழுபது வேகத்தில் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி உள்ளுக்குள்ளேயே நூல் பிரிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் வெடிக்கும். பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரெஸர் இருந்தால் சக்கரத்துக்கு ஐந்து நிமிடம் போல ஆகும். கம்ப்ரெஸரும், நம்பகமான காற்றுமானியும் இல்லாதவர்கள் காற்றை இறக்காமலேயே இருப்பது நல்லது.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிளுவை வேலிக்கும் வெள்வேலாமரத்துக்கும் நடுவே இட்டேரி மண்தடத்தில் போகும்போது காற்றை இறக்காதீர்கள். இறக்கினால் டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். வெள்வேல் முள்ளும் சீமைக்கருவேல் முள்ளும் குத்துவது அந்த இடத்தில்தான். நடுப்பட்டனில் ஏறிய முள்ளைப் பஞ்சர் கடையில் சரிசெய்யலாம். உள்பக்கம் காளான் பேட்ச் வைத்துக் கொண்டால் கடைசிவரை ஓடும். பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் எந்தப் பஞ்சரும் போடக்கூடாது, டயரையே மாற்ற வேண்டும்.

கேள்வி: ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து மணாலிக்கு எங்கள் வண்டியிலேயே போகிறோம். டயரில் ‘எம்+எஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது. சேறும் பனியும் என்று அர்த்தமாம். அப்படியென்றால் பனிச் சாலைக்கு இதுவே போதும்தானே?
– கோவை வாசகர்

பதில்: போதாது. அந்த ‘எம்+எஸ்’ முத்திரை டயரின் பள்ளங்கள் எத்தனை விழுக்காடு இடத்தை எடுத்துக்கொள்கின்றன, எந்தக் கோணத்தில் விளிம்புவரை போகின்றன என்ற வடிவக் கணக்கை வைத்து டயர்க் கம்பெனி தானே போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிப் பார்த்துத்தான் அதைப் போட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் முத்திரை வேறு: மூன்று சிகரம் கொண்ட மலைப் படமும் அதற்குள் ஒரு பனித்துகளும். இது 1999-இல் வந்தது. இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரின் பிடியை 100 என்று வைத்தால், சோதிக்கும் டயர் குறைந்தது 110 எடுக்க வேண்டும். உங்கள் டயரின் பக்கச்சுவரில் அந்தப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் வண்டியோடு வரும் ஏ.டி. டயர்களில் அது அரிது. படம் இருந்தாலும், அந்தச் சோதனை பனியில் வண்டி இழுப்பதைத்தான் அளக்கிறது. கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அல்ல.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. சேற்றில் டயர் மண்ணைத் துப்ப வேண்டும் என்று மேலே சொன்னோம். பனியில் நேர்மாறு: பள்ளங்களில் பனி நிறைந்து தங்க வேண்டும். பனி பனியோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பள்ளத்தில் அமுங்கிய பனியும் சாலையில் கிடக்கும் பனியும் ஒன்றையொன்று பிடிப்பதுதான் இழுவையைக் கொடுக்கிறது. கூடவே பட்டன்மேல் மெல்லிய கத்திக்கீறல்போல் இருக்கும் கோடுகள் வேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாக நின்று கீறிப் பிடிக்கும். அதனால் நெருக்கமான பட்டனும் நிறையக் கீறல்களும் உள்ள ஏ.டி. டயர், சேற்றில் தன்னைத் தோற்கடிக்கும் மட்-டெரெய்ன் டயரை இறுகிய பனிச் சாலையில் முந்திவிடும். மணாலிக்குப் போகிறேன் என்று மட்-டெரெய்ன் வாங்கி மாட்டுவது காசைக் கொடுத்து வழுக்கலை வாங்குவது.

அடுத்தது ரப்பர். நம் வெயிலுக்கென்று கலந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பூஜ்யத்துக்குக் கீழே பட்டன்கள் நெளியாது, சாலையின் சிறு மேடுபள்ளங்களில் பதியாது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி செய்தது. இந்த வேறுபாட்டை எந்தப் பட்டன் வடிவமும் ஈடுகட்டாது.

பிரேக் கணக்கை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில், காய்ந்த தார்ச் சாலையில் பிரேக் மிதித்தது முதல் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் அது சுமார் 25 மீட்டர். பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். ஃபோர் வீல் டிரைவ் இதில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்காது. எல்லா வண்டியிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான். ஏற்றத்தில் சுலபமாக ஏறிய தைரியத்தில் இறக்கத்தில் வழுக்கி விழுகிறவர்கள்தான் அதிகம். இறக்கத்தில் லோ ரேஞ்ச் முதல் கியர், காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்துவிட்டு இன்ஜினே பிடிக்கட்டும். பனிக்கட்டி மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, பூஜ்யத்தை ஒட்டி, மேலே தண்ணீர்ப் படலம் நிற்கும்போது. வெயில் படாத மலை நிழல் வளைவுகளிலும் பாலங்களிலும் மதியம்வரைகூட அது இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியவை. பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் குறைவென்றால் அந்த டயரோடு பனிக்குப் போகாதீர்கள். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது, அது தார்ச் சாலைக்கான கடைசி எல்லை. டயர்மேல் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி, உங்கள் டயர் அளவுக்கேற்றது ஒரு ஜோடி வாங்குங்கள். எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்று வண்டியின் கையேட்டில் இருக்கும், அதை மீறாதீர்கள். சங்கிலிக்கும் உள்பக்க பிரேக் குழாய்க்கும் இடைவெளி இருக்கிறதா என்பதை இங்கேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பனி விழுந்த நாட்களில் சோலங் பள்ளத்தாக்கு, அடல் சுரங்கப் பாதைப் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டியையும் சங்கிலி மாட்டிய வண்டியையும் மட்டும் போலீஸ் விடுவது வழக்கம். டூ வீல் டிரைவ் வண்டியில் ‘ஏ.டி. டயர் இருக்கிறது சார்’ என்றால் அங்கே எடுபடாது.

காற்றழுத்தம். இங்கே 30 டிகிரியில் 34 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினால், மைனஸ் 5 டிகிரியில் குளிர்ச்சியால் மட்டும் ஐந்து, ஐந்தரை குறையும். மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம் என்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, மானியில் இரண்டரை கூடக் காட்டும். ஆகக் கூடிப்போனால் மூன்று குறைவு. காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்து, கதவுத் தாளில் உள்ள அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். சமவெளிக்கு இறங்கியதும் மறுபடி பார்க்க வேண்டும். சேற்றுக்குச் சொன்னதுபோல் இறுகிய பனிச் சாலையில் காற்றை இறக்க வேண்டாம்; அந்த வித்தை யாரும் ஓட்டாத ஆழமான புதுப் பனிக்கு மட்டும்தான்.

ஒரு சின்னச் செய்தி: தளர்ந்த பனியிலும் சரளையிலும் ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் பனி குவிந்து தடுக்கும், ஏ.பி.எஸ். அதைக் குவியவிடாது. ஆனால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருப்பது அதனால்தான். அணைக்க முயலாதீர்கள்.

கேள்வி: மார்கழியில் ஊட்டிக்குப் போகிறோம். உறைபனி விழுகிறதாமே, டயர் மாற்ற வேண்டுமா?
– அவிநாசி வாசகர்

பதில்: வேண்டாம். ஊட்டியில் உறைபனி புல்வெளியிலும், நிறுத்தி வைத்த வண்டிக் கண்ணாடியிலும்தான். விடியற்காலையில் ஏரி, ஓடை ஓரச் சாலைகளில் மட்டும் நிதானம் போதும். கண்ணாடியில் வெந்நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

கேள்வி: சத்தியமங்கலத்தில் மல்லித் தோட்டம். கீழ்பவானி வாய்க்கால் கசிவில் தடம் எப்போதும் சொதசொதவென்றுதான் இருக்கும். டூ வீல் டிரைவ் பிக்கப், காலியாகப் போகும்போது சிக்குகிறது, லோடோடு வரும்போது வந்துவிடுகிறது. பின்னால் மட்டும் இரண்டு ஏ.டி. டயர் போட்டால் போதுமா?
– சத்தி வாசகர்

பதில்: காலி பிக்கப்பில் எடையெல்லாம் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். லோடு ஏறியதும் பின் டயர் அழுந்திப் பிடிக்கிறது. முதலில் செலவில்லாத வழி: போகும்போது பின் அச்சுக்கு நேர் மேலே ஐந்தாறு மண் மூட்டை. மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். பிரேக் பிடித்தால் கேபினை நோக்கி வரும்.

பின்னால் மட்டும் ஏ.டி. போட்டால் தோட்டத்துக்குள் போய்விடுவீர்கள், ஆனால் திரும்புவதும் நிற்பதும் முன் டயர் வேலை. வழவழப்பான முன் டயரோடு சேற்றுச் சரிவில் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி நேராகத்தான் போகும், வாய்க்காலுக்குள். நாலும் ஒரே வகையாகப் போடுங்கள். வாங்கும்போது சுமைக் குறியீட்டு எண்ணைக் கவனியுங்கள்: அளவுக்குப் பின்னால் வரும் எண்ணில் 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120. காரின் ஏ.டி. டயர் அளவு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் பிக்கப்பில் மாட்டினால் லோடில் பக்கச்சுவர் போய்விடும். பிக்கப்புக்கு ‘எல்.டி.’ (லைட் டிரக்) என்று குறியிட்ட டயர்தான் வேண்டும்.

கேள்வி: சிக்கிய வண்டியை எடுக்கச் சரியான முறை என்ன? எங்கள் ஊரில் டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பதுதான் வழக்கம். போன மழையில் பம்பர் கையோடு வந்துவிட்டது.
– ஆனைமலை வாசகர்

பதில்: முதலில் மண்வெட்டி, அப்புறம்தான் டிராக்டர். நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஓரடி நீளத்துக்குச் சரிவாக மண்ணை வெட்டி எடுங்கள். வயிறு தட்டியிருந்தால் அடியிலும் வெட்டுங்கள். வயிறு உட்கார்ந்த வண்டியை இழுப்பது நங்கூரம் போட்ட படகை இழுப்பது மாதிரி. காற்றை 18-க்கு இறக்குங்கள். பாதி நேரம் இதோடு வண்டி தானே ஏறிவிடும்.

சக்கரத்துக்கு அடியில் போட உங்கள் பக்கத்தில் தென்னை மட்டைக்குப் பஞ்சமில்லை. பச்சை மட்டை வழுக்கும், காய்ந்த மட்டையைக் குறுக்காக வைத்து, மேலே நனைந்த சாக்கைப் போடுங்கள். கரும்புச் சோகை கையளவு போட்டால் பயனில்லை. கட்டுக் கட்டாகப் போட்டு மிதித்து அமுக்க வேண்டும். தென்னைநார்க் கழிவைப் போடாதீர்கள், தண்ணீரை உறிஞ்சி இன்னும் வழுக்கும். சக்கரம் சுழன்றதும் மட்டை பின்பக்கமாக எகிறும். அந்தத் திசையில் யாரும் நிற்கக்கூடாது.

இழுக்கத்தான் வேண்டுமென்றால், வண்டியோடு கொடுத்திருக்கும் இழுவைக் கொக்கியில் கட்டுங்கள். அது சேஸிஸில் பிடித்திருக்கும். பம்பர், டை ராடு, சஸ்பென்ஷன் கம்பி எதிலும் கட்டக்கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையிலும் கூடாது, அது தெறித்தால் ஆளைக் கொல்லும். இரும்புச் சங்கிலியும் கம்பிக் கயிறும் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். அகலமான துணிப்பட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள். டிராக்டர் ஓட்டுகிறவர் கயிறு விறைத்த பிறகு மெதுவாக இழுக்கட்டும். தளர விட்டு வெடுக்கென்று இழுத்தால்தான் பம்பர் கையோடு வரும். சிக்கிய வண்டியை எந்தப் பக்கம் இறங்கினீர்களோ அந்தப் பக்கமே இழுப்பது நல்லது.

கேள்வி: பத்துச் சக்கர லாரி. கார்த்திகை, மார்கழியில் காஷ்மீர் லோடு வருகிறது. பின்னால் ரீட்ரெட் டயர்கள்தான் ஓடுகின்றன. டிரைவர் சங்கிலி இருந்தால் போதும் என்கிறார். வேறென்ன பார்க்க வேண்டும்?
– நாமக்கல் வாசகர்

பதில்: பின்னால் ரீட்ரெட் (தேய்ந்த டயர்மேல் புதுப் பட்டன் ஒட்டியது) ஓட்டலாம், பட்டன் மாதிரியும் ஆழமும் நன்றாக இருந்தால். முன் ஆக்ஸிலில் ரீட்ரெட் வேண்டவே வேண்டாம். ஓட்டும் ஆக்ஸிலில் நீளவரி டயர் இருந்தால் இந்தப் பயணத்துக்காவது குறுக்குப் பட்டன் வகைக்கு மாற்றுங்கள். நீளவரி டயர் தார்ச் சாலையில் மைலேஜ் தரும். பனி ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுழலும்.

சங்கிலியை ஓட்டும் ஆக்ஸிலின் ஜோடிச் சக்கரங்களில் மாட்ட வேண்டும். மாட்டி ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்; முதல் ஓட்டத்தில் எப்படியும் தளரும். 40 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். பனி முடிந்து வெறும் தார் வந்ததும் கழற்றிவிடுங்கள். தார்ச் சாலையில் ஓட்டினால் சங்கிலிக் கண்ணி அறுந்து, பிரேக் ஏர் குழாயை வெட்டும். பனி கொட்டும் இருட்டில் முதல் தடவையாகச் சங்கிலியைப் பிரித்துப் பார்க்க வைக்காதீர்கள். டிரைவரும் கிளீனரும் நாமக்கல் ஷெட்டிலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றட்டும்.

டயரைவிட அதிகம் நிறுத்திவிடுவது டீசல். இங்கே நிரப்பிய டீசலில் கடுங்குளிரில் மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கும். டேங்கை முழுக்க இங்கேயே நிரப்பிக்கொண்டு போகாமல், மேலே போகும் வழியில் அங்கே விற்கும் டீசலைக் கலந்துகொள்ளுங்கள். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரிவரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. லே பக்கம் போகும் வண்டிக்கு அதுதான். ரேடியேட்டரில் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்த்துப்போயிருந்தால் அது உறைந்து இன்ஜின் பிளாக் வெடித்துவிடும். பி.எஸ்.6 வண்டியில் புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவம் மைனஸ் 11-இல் உறையும். உருகினால் பழையபடி வேலை செய்யும், அதனால் கெட்டுப்போனதென்று கொட்டிவிட வேண்டாம். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். குழாயில் அது உறைந்தால் பிரேக்கே நகராது. இரவில் நிறுத்தும்போது சமதளம் தேடி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் காலையில் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: 255/65 ஆர்18 டயருக்குப் பதில் 265/65 ஆர்18 போட்டால் சேற்றில் உதவுமா?
– பல்லடம் வாசகர்

பதில்: முதலாவதன் விட்டம் சுமார் 789 மி.மீ., இரண்டாவது 802. தரை இடைவெளியில் உங்களுக்குக் கிடைப்பது ஆறரை மி.மீ. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது உண்மையான வேகம் அதைவிட ஒன்றரை கி.மீ. கூட இருக்கும். அகலமும் சேற்றில் ஒரு லாபமில்லை. கீழே கெட்டித் தரை உள்ள சேற்றைக் குறுகிய டயர்தான் வெட்டிக்கொண்டு அடியைத் தொடும். ஜிம்னியின் 195/80 ஆர்15 அப்படிப்பட்ட குறுகிய டயர், ஆனால் அது கம்பெனியில் சாலை வகை டயரோடு வருகிறது. ஜிம்னிக்காரர்கள் அளவை மாற்றாமல் வகையை மட்டும் ஏ.டி.க்கு மாற்றினால் போதும். உங்களுக்கும் அதே யோசனை: அளவு அதே இருக்கட்டும், ஆழமான பட்டன் உள்ள ஏ.டி.யாகப் பாருங்கள். கம்பெனிப் பட்டியலில் இல்லாத அளவைப் போட்டால் விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸில் வாதாட வேண்டியிருக்கும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. ஃபோர் வீல் வண்டியில் ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். பட்டன் ஆழம் வேறுபட்டால் சுற்றளவு வேறுபடும். ஃபோர் வீல் போட்டு ஓடும்போது அந்த வேறுபாட்டை கியர் பெட்டி தாங்க வேண்டியிருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றி வந்தால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: சேற்றில் ஓட்டி வந்த மறுநாள் தார்ச் சாலையில் எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: அலைன்மென்ட் கோளாறென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஆடாது. உங்களுடையது ரிம்முக்குள் காய்ந்த களி. ரிம்மின் உள்பக்கக் கிண்ணத்தில் ஒரே இடத்தில் கால் கிலோ ஒட்டினாலே பேலன்ஸ் கெட்டு, எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வெளிப்பக்கம் மட்டும் கழுவினால் இது போகாது. வண்டியை ஒரு அடி முன்னே நகர்த்தி, சக்கரத்தின் இன்னொரு பாதியையும் உள்ளிருந்து பீய்ச்சுங்கள். காய்ந்துவிட்டால் முதலில் ஈரச் சாக்கு போட்டு ஊறவிட்டு, மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்புக் கம்பி பேலன்ஸ் எடையைப் பெயர்த்துவிடும். கழுவியபின் பிரேக்கை மெதுவாக நாலைந்து முறை மிதித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். அப்படியும் ஆடினால் வீல் பேலன்ஸிங் போடுங்கள், அலைன்மென்ட் வேண்டாம்.